கிளச் பெடல் பாதி தூரம் வெறுமனே போகிறது, அவசரம்

வெள்ளவத்தைக்காரன்:
கிளச்சை முழுக்க மிதித்தாலும் முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கர்ர்ரென்று கத்துகிறது. பெடல் வெறுமனே போகும் இந்தத் தூரத்தை, அதாவது ஃப்ரீ பிளேயை, எங்கே குறைப்பது? நாளை காலை அம்மாவைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

கராஜ்தம்பி:
என்ன கார் அண்ணா? மொரிஸ் மைனரா, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலா? எந்த ஆண்டு?

பழையசாவி:
கிளச் தட்டு தேய்ந்துவிட்டது. எனக்கும் இப்படித்தான் வந்தது. கியர்பொக்ஸை இறக்குங்கள்.

ஸ்பேனர்மாமா:
தட்டு தேய்ந்தால் பிளே குறையும், அதிகரிக்காது. இந்த அடிப்படை தெரியாதவர்கள் பதில் எழுத வேண்டாம். கேட்டவரும் கார் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

வெள்ளவத்தைக்காரன்:
மன்னிக்கவும். பீட்டில் 1300, 1969.

ஸ்பேனர்மாமா:
சரி, கேளும். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இடது சக்கரத்தைக் கழற்றும். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே போக வேண்டாம். கியர்பொக்ஸின் இடது பக்கம் கிளச் லிவர், அதில் கேபிள் நுனியில் இரண்டு காது வைத்த நட் இருக்கும். கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் நுனியைக் குறட்டால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினால் பிளே குறையும். காதுகள் லிவரின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். பெடலில் 10 முதல் 20 மி.மீ. வைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே இறுக்கினால் கிளச்சை விடுவிக்கும் பெயாரிங் எந்நேரமும் உரசும், தட்டும் வழுக்கும்.

கராஜ்தம்பி:
திடீரென்று கூடியதா, மெல்ல மெல்லவா? திடீரென்றால் கேபிள் இழை அறுந்துகொண்டிருக்கும், இல்லை காரின் தரை நடுவே ஓடும் டனலுக்குள் கேபிள் குழாயின் வெல்டிங் விட்டிருக்கும். கேபிள் கியர்பொக்ஸுக்குப் போகும் வளைகுழாயின் தொய்வையும் அளந்து பாருங்கள், 25 முதல் 45 மி.மீ. வரை இருக்க வேண்டும்.

பழையசாவி:
எல்லாம் காலி வீதி நெரிசலால் வருவது. கலர் லைட்டில் கிளச்சை மிதித்தபடியே நிற்கிறார்கள்.

மைனர்பிரியன்:
நிற்காமல்? நியூட்ரலுக்கு மாற்றி மறுபடி கியர் போடுவதற்குள் பின்னால் பஸ்காரன் ஹோன் அடித்தே கொன்றுவிடுவான்.

பழையசாவி:
ஹோனுக்குப் பயந்து பெயாரிங்கைத் தின்னக் கொடுப்பீர்களா? 30 வருடமாக நான் நியூட்ரல்தான்.

ஸ்பேனர்மாமா:
இந்த வாதத்துக்கு வேறு பதிவு திறவுங்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
இறுக்கினேன், 15 மி.மீ. வந்தது, கியர் விழுகிறது. ஆனால் கேபிள் நுனியில் மூன்று இழை அறுந்திருக்கிறது. நன்றி மாமா, தம்பி.

கராஜ்தம்பி:
அப்படியென்றால் நாளை த்ரீவீலில் போங்கள் அண்ணா, அம்மாவோடு நடுவீதியில் நிற்க வேண்டாம். புதுக் கேபிள் வாங்க பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகும்போது சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள், ஆண்டுக்கு ஆண்டு கேபிள் நீளம் மாறும்.