நீலக் கறை, பிசுபிசுப்பு, அக்குளில் கிழிசல்: 1/6 சிலிகான் உடலில் எதை முதலில் சரிசெய்வது?

கண்ணாடி_அலமாரி:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1/6 அளவில் (நிஜ மனிதரில் ஆறில் ஒரு பங்கு) செய்த 12 அங்குல ஆண் பொம்மை உருவம். உள்ளே துருப்பிடிக்காத எஃகு எலும்புக்கூடு, மேலே ஒட்டே தெரியாத ஒரே தோல். பெட்டியில் ‘சிலிகான்’ என்றுதான் போட்டிருக்கிறது. சென்னையில், மூடிய கண்ணாடி அலமாரியில், முட்டியை மடக்கிக் குந்தி, வலது கையில் ஈட்டியைத் தலைக்கு மேல் தூக்கிய நிலையில் மாதக்கணக்காக இருக்கிறது. உள்ளே இறுக்கமான கருநீல லைக்ரா சூட், அதற்கு மேல் கறுப்பு ரெக்சின் கவசம்.

உடையைக் கழற்றினால் நான்கு பிரச்சினை. இடுப்பைச் சுற்றியும் இரண்டு தொடையிலும் நீலச் சாயம் ஏறியிருக்கிறது. உடம்பு முழுக்கப் பிசுபிசுப்பு, தூசி அப்படியே ஒட்டிக்கொள்கிறது. வலது அக்குளில் சுமார் 4 மி.மீ. கிழிசல், எலும்பு இன்னும் தெரியவில்லை. முட்டிக்குப் பின்னால் ஆழமான மடிப்புக் கோடு. போதாததற்கு இடது பாதம் ஆடுகிறது, தாங்கி இல்லாமல் நிற்பதில்லை. எதில் ஆரம்பிப்பது? ஃபெவிக்விக், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் வீட்டில் இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

ஆறிலொன்று:
இரண்டையும் எடுத்து உள்ளே வையுங்கள். முதல் வேலை கையை இறக்குவது, முட்டியை நீட்டுவது. மல்லாக்கப் படுக்கவைத்து, கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும்படி, கால்கள் நேராக இருக்கும்படி விடுங்கள். கை தூக்கியே இருந்தால் கிழிசல் நிமிடத்துக்கு நிமிடம் நீளும். இந்த மாதிரித் தோல் கிழியத் தொடங்குவதுதான் கடினம். தொடங்கிவிட்டால் கிழிசலின் கூர்நுனி தானாகவே முன்னேறும்.

அடுத்தது தோல் எதனால் ஆனது என்று பார்ப்பது. பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ‘சிலிகான் உடல்’ என்று விற்கப்படுவதில் கணிசமானவை டிபிஇ என்ற வெப்பத்தில் இளகும் ரப்பர். பசை, எண்ணெய், சூடு எல்லாமே இரண்டுக்கும் வேறு வேறு. ஒன்றுக்கு மருந்தானது மற்றதைக் கெடுக்கும்.

சோதனை எளிது. தலையைக் கழற்றினால் கழுத்துத் துளையின் உள்விளிம்பில் தோல் கொஞ்சம் பிசிறாக இருக்கும். அதில் கடுகளவு நறுக்கி, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த நீரில் போட்டுக் குச்சியால் அடிவரை அமுக்கி விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் நீரின் பரப்பு இழுவிசையே சிறு துண்டைத் தாங்கிவிடும், ஏமாந்துபோவீர்கள். மேலே வந்தால் டிபிஇ. அதில் நிறையக் கனிம எண்ணெய் இருக்கும், ரப்பர், எண்ணெய் இரண்டுமே நீரைவிட லேசு. அடியிலேயே கிடந்தால் சிலிகான். சந்தேகம் இருந்தால் அந்தத் துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டலாம். டிபிஇ உருகிச் சொட்டும், கரும்புகை வரும். சிலிகான் உருகாது, வெள்ளைச் சாம்பல் விடும்.

கண்ணாடி_அலமாரி:
இரண்டும் செய்து பார்த்தேன். மிதக்கிறது. தீயில் உருகிச் சொட்டியது.

ஆறிலொன்று:
அப்போது டிபிஇ. பிசுபிசுப்புக்கும் அதுதான் காரணம். உள்ளே இருக்கும் எண்ணெய் மெல்ல மெல்ல மேலே கசியும். வெயில் காலத்தில், மூடிய அலமாரியில், விளக்குச் சூடும் சேர்ந்தால் இன்னும் அதிகம் கசியும். இது தோல் கெட்டுப்போனதற்கான அறிகுறி இல்லை.

கிழிசலுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்பதால் உருவத்தைத் தண்ணீரில் முக்க வேண்டாம். கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒவ்வோர் உறுப்பாகத் துடையுங்கள். வேறு துணியால் சோப்பை எடுத்துவிட்டு, ஒற்றி ஒற்றி ஈரம் போக்குங்கள். தேய்த்தால் தோல் இழுபடும், மேற்பரப்பு பளபளத்துப்போகும். மின்விசிறிக் காற்றில் 2 மணி நேரம் காயட்டும். மிக மெல்லிதாகப் பவுடர் போடுவது கடைசியில்தான், கிழிசலை ஒட்டுவதும் கறையை எடுப்பதும் முடிந்த பிறகு. பவுடர் படிந்த கிழிசலில் எதுவும் ஒட்டாது. பவுடருக்குக் கார்ன்ஃப்ளோர் போதும், மேக்கப் பிரஷ்ஷால் தடவி மிச்சத்தை ஊதி எடுத்துவிடுங்கள்.

தையல்பெட்டி:
கார்ன்ஃப்ளோர் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. குளிர்நாட்டுக்காரர்களின் யோசனை அது. அது மாவுச்சத்து. சென்னை மாதிரி ஈரக்காற்றில் கட்டிபிடிக்கும், பூஞ்சை வரும், சில்வர்ஃபிஷ் பூச்சிக்கு நல்ல தீனி. வாசனை சேர்க்காத டால்கம் பவுடர் போதும். மூக்கில் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

உடை பற்றி. அந்தக் கருநீல சூட் மறுபடி நேரடியாகத் தோலில் படவே கூடாது. உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். ஆலையில் ஏற்றிய சாயத்தை அது பிடித்துவைக்காது. சோப்பு நீரில் திரும்பத் திரும்ப அலசி, நீர் தெளிந்த பிறகு, ஈர வெள்ளைத் துணியை அதன்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துளி நீலம் தெரிந்தாலும் அந்த உடை இன்னும் தயாரில்லை. தெரியாவிட்டாலும் நம்ப வேண்டாம். தண்ணீரில் கரையாத சாயம்கூடத் தோலில் இருக்கும் எண்ணெயில் கரைந்து இறங்கும். ஆகவே உள்ளே ஓர் அடுக்கு கட்டாயம். தோல்நிற நைலான் ஸ்டாக்கிங்கை வெட்டி ஒரு உள்ளாடை தைத்துவிடுங்கள். அதையும் அதே வெள்ளைத் துணி வைத்துச் சோதித்துவிட்டுத் தையுங்கள். தையல் விளிம்பு வெளிப்பக்கம் இருக்கட்டும், உட்பக்கம் வைத்தால் தோலில் தடம் விழும். எலாஸ்டிக்கும் வேண்டாம்.

ரெக்சின் கவசத்தையும் கவனியுங்கள். அதன்மேல் இருப்பது பாலியூரிதேன் பூச்சு என்றால், ஈரக்காற்றில் அது சில வருடங்களில் தானாகவே உரியும், உருவத்தைத் தொடவே தொடாவிட்டாலும். அது உரிந்தால் கறுப்புத் துகள் முழுக்கத் தோலில்தான் ஒட்டும். அலமாரியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

உடையை மாட்டும்போது உள்ளங்கைகளையும் பாதங்களையும் கழற்றிவிட்டு, மெல்லிய பாலித்தீன் பை ஒன்றைக் கைகாலில் உறைபோல மாட்டி அதன்மேல் உடையை வழுக்கி ஏற்றுங்கள். அப்புறம் பையை உருவிவிடலாம். பலத்தைக் கொடுத்து இழுத்துப் போடும் உடைகள்தான் மணிக்கட்டு விளிம்பைக் கிழிக்கின்றன.

பிசின்:
கிழிசலுக்கு வருகிறேன். ஃபெவிக்விக் டிபிஇ-யில் ஒட்டத்தான் செய்யும். ஆனால் காய்ந்ததும் கண்ணாடிபோல இறுகிவிடும். மெத்தென்ற தோலுக்கு நடுவில் ஒரு கடினமான விளிம்பு நிற்கும், அடுத்த முறை கையைத் தூக்கினால் அதன் ஓரத்திலேயே புதிதாகக் கிழியும். சிலிகான் பசையும் வேண்டாம், எண்ணெய் கசியும் டிபிஇ-யில் அது சரியாகப் பிடிக்காது. ஊசி நூலால் தைப்பது இன்னும் மோசம். ஒவ்வொரு துளையும் ஒரு புதிய கிழிசலின் தொடக்கம்.

டிபிஇ-க்கு ஏற்ற வழி இரண்டு. ஒன்று, டிபிஇ பொம்மைகளுக்கென்றே விற்கும் கரைப்பான் பசை. இது இரு விளிம்பையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கும். கிழிசலின் உள்பக்கத்தை நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். கையைப் பக்கவாட்டில் சற்றே விலக்கி, பல்குச்சி நுனியில் எடுத்த அளவு மட்டும் இரண்டு விளிம்பிலும் தடவி, உடனே கையை இறக்கி விளிம்புகளைப் பொருத்தி 2 நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். அதிகமாகத் தடவினால் சுற்றியுள்ள தோலும் கரைந்து பள்ளமாகிவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்போ விளக்கோ கூடாது. 24 மணி நேரம் தொடாதீர்கள். முழு வலு வர இன்னும் ஒரு நாள் ஆகும்.

இரண்டாவது, சூடு. சூடேற்றிய ஊசியால் இரண்டு விளிம்பையும் தொட்டு உருக்கி உடனே சேர்ப்பது. வலுவான இணைப்பு, ஆனால் கை பழகாதவர்கள் முகம், மார்பு போன்ற தெரியும் இடங்களில் செய்யக் கூடாது. உங்கள் கிழிசல் மறைவான இடத்தில் இருப்பதால் செய்யலாம். ஆனாலும் பசையைத்தான் சொல்வேன். 4 மி.மீ.க்குச் சூடு தேவையில்லை.

எதைச் செய்தாலும் அந்தத் தோள் இனி பழைய தோள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள்மட்டத்துக்கு மேல் அந்தக் கையைத் தூக்க வேண்டாம்.

ஆறிலொன்று:
சாயக்கறை. பசை காய்ந்த பிறகு. சோப்பால் போகாது, ஏனென்றால் சாயம் மேலே படிந்திருக்கவில்லை, எண்ணெயோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிட்டது. நெயில் பாலிஷ் ரிமூவர் அந்த எண்ணெயை உறிஞ்சித் தோலை வறட்டிவிடும், தின்னரும் பெட்ரோலும் தோலையே கரைக்கும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் முகப்பரு ஜெல், பென்சாயில் பெராக்சைடு கலந்தது, 2.5% அல்லது 5%. அது சாயத்தைக் கழுவி எடுக்காது. ஆக்சிஜனேற்றத்தால் நிறத்தை அழிக்கும். அதனாலேயே உடலின் சொந்த நிறத்தையும் வெளிற வைக்க வல்லது. முதலில் உள்ளங்காலில் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் பாருங்கள். பிறகு கறையின்மேல் மட்டும் ஒரு மெல்லிய படலம், மேலே பாலித்தீன் தாள், 12 மணி நேரம், கழுவுதல், பார்த்தல். இப்படியே திரும்பத் திரும்ப. ஒரே இரவில் போய்விட வேண்டும் என்று தடிமனாக அப்பாதீர்கள். மிதமான சூடும் வெளிச்சமும் வேகப்படுத்தும், நேர் வெயில் மட்டும் வேண்டாம். கையுறை போடுங்கள், போர்வை, சட்டை எதில் பட்டாலும் வெள்ளைத் திட்டு விழும். வண்ணம் தீட்டிய முகம், பச்சை குத்தல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

முட்டியின் மடிப்புக்கு ஹேர் டிரையர். குறைந்த சூட்டில், 15 செ.மீ. தள்ளி, காலை நேராக வைத்து 2–3 நிமிடம். நடுவே உங்கள் விரலை அங்கே வைத்துப் பாருங்கள், விரல் தாங்காத சூடு தோலுக்கும் அதிகம். காலை நீட்டியபடியே ஆறவிடுங்கள். மேலோட்டமான கோடுகள் போய்விடும். ஆழமானது மங்கும், முழுக்கப் போகாது.

முட்டி_மூட்டு:
பாதத்துக்குச் சொல்கிறேன். ஆடுவது கணுக்கால் முளை (பாதத்தை மாட்டும் சிறு குச்சி) பாதத்தின் குழியில் உட்காரும் இடமா, தோலுக்குள் இருக்கும் எஃகு மூட்டா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பாதத்தைக் கழற்றி, முளையை இடுக்கியால் பிடித்து அசையுங்கள். முளை உறுதியாக இருந்தால் குழிதான் தளர்ந்திருக்கிறது. குழாய் வேலைக்குப் போடும் டெஃப்லான் டேப்பை முளையில் ஒன்று அல்லது இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி மாட்டினால் தீர்ந்தது. மூன்று சுற்றுப் போனால் குழி விரிந்துவிடும். முளையே ஆடினால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது. அதை இறுக்கத் தோலை வெட்ட வேண்டும், வெட்டாதீர்கள். உயரமான பூட்ஸ் போட்டால் அதுவே கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும்.

நிலை அமைப்பதைப் பொறுத்தவரை, எலும்பு எவ்வளவு மடங்குமோ அவ்வளவும் தோல் மடங்காது. அதை மறந்துதான் பலர் கெடுக்கிறார்கள். மூட்டின் இரு பக்கத்தையும் அருகிலேயே பிடித்து மடக்குங்கள். உள்ளங்கையைப் பிடித்துத் தோளைத் திருப்பினால் மணிக்கட்டு முளைதான் உடையும். வேண்டிய கோணத்தைக் கொஞ்சம் தாண்டி மடக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், தோலின் இழுவிசை மூட்டைப் பின்னுக்குத் தள்ளாது. பிறகு மூட்டைச் சுற்றியுள்ள தோலை விரலால் லேசாக இழுத்து விட்டுச் சமன் செய்யுங்கள். ஓரிடத்தில் சுருங்கி இன்னோரிடத்தில் இறுகி நின்றால் அங்கேதான் கோடு விழும்.

நாள்கணக்கில் வைக்க முழங்கை, முட்டி 90 டிகிரிக்குள். குந்துவது, கைதூக்குவது, காலை அகட்டுவது எல்லாம் படம் எடுக்கும் வரைதான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். அக்குளில் மடித்த வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று எப்போதும் இருக்கட்டும். இடுப்பைக் கவ்வும் கம்பித் தாங்கியாக இருந்தால் கம்பியிலும் அதே துணியைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ‘வி’ வடிவத் தடம் நிரந்தரமாகிவிடும்.

கண்ணாடி_அலமாரி:
எல்லோருக்கும் நன்றி. பசை போட்டு முழுக்கக் காயவிட்டேன், கிழிசல் மூடிவிட்டது. கணுக்காலில் டேப் ஒரு சுற்றே போதுமானதாக இருந்தது. ஜெல் சில முறை போட்டதில் தொடைக் கறை வெளிறிவிட்டது, இடுப்பில் மட்டும் ஒரு கோடு நிற்கிறது. ஆனால் ஜெல் போட்ட இடம் தொட்டால் வறண்டு, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது. தொடரலாமா?

ஆறிலொன்று:
வேண்டாம், நிறுத்துங்கள். ஆக்சிஜனேற்றம் தோலையும் தொடத் தொடங்கிவிட்டது. நன்றாகக் கழுவிக் காயவிட்டு, அந்த இடத்தில் மட்டும் லிக்விட் பாரஃபின் (இதுவும் கனிம எண்ணெய்தான்) ஒரு சொட்டு, விரல் நுனியால் தடவி இரவு முழுக்க விடுங்கள். காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டுப் பவுடர். டிபிஇ அதை உள்ளே இழுத்துக்கொண்டு மெதுமெதுப்பாகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்போனால் காறல் வாடை வரும். நிறைய ஊற்றினால் தோல் உப்பும், பசை போட்ட இணைப்பும் விட்டுப்போகும். அக்குள் பக்கம் எண்ணெய் போகவே கூடாது.

இடுப்புக் கோடு பெல்ட்டுக்கு அடியில் வரும் இடம்தானே? விட்டுவிடுங்கள். உறுத்தினால் ஒரு மாதம் கழித்து 2.5% ஜெல்லை 6 மணி நேரம் மட்டும் வைத்துப் பாருங்கள்.

முட்டி_மூட்டு:
ஈட்டியை இடது கைக்கு மாற்றி, அடிப்பகுதி தரையில் ஊன்றும்படி வையுங்கள். முழங்கை 70, 80 டிகிரி மடங்கினால் போதும். ஈட்டியே மூன்றாவது காலாக எடையைத் தாங்கும், அந்த இடது பாதத்துக்கும் சுமை குறையும். ஈட்டித் தண்டு சாதாரண பிளாஸ்டிக்காக இருந்தால் உடம்பில் சாய்த்து வைக்காதீர்கள். கசியும் எண்ணெய் வண்ணப்பூச்சை இளக்கி, தண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும்.