கிரனாடால தபாஸ் நிஜமாவே ஃப்ரீயா?

கேள்வி: ஸ்பெயின் போறோம். கிரனாடால பியர் வாங்கினா தபாஸ்னு சின்ன தட்டுல சாப்பாடு சும்மாவே வருமாமே, எல்லா ஊர்லயும் அப்படியா? பத்தாவது அல்ஃபோன்சோ ராஜா ஆரம்பிச்ச பழக்கம்னு வேற சொல்றாங்க?

பதில் 1: கிரனாடால உண்டுங்க, ரவுண்டுக்கு ரவுண்டு வேற ஐட்டம் வரும். பார்சிலோனா, செவில்லால பெரும்பாலும் காசுதான். ராஜா கதை வாய்வழியா வந்தது, ஆதாரம் கிடையாது.

பதில் 2: வடக்கு ஸ்பெயின்ல இருக்கற சான் செபாஸ்டியன் ஊரை விட்டுடாதீங்க ப்ளீஸ்!! அங்க தபாஸ் மாதிரியே பின்ச்சோஸ்னு சின்னச் சின்ன தீனி, காசுதான் ஆனா அதுல ஹில்டா ஒண்ணு போதும், பல்குச்சில ஆலிவ், வினிகர்ல ஊறின பச்சமிளகா, உப்பு நெத்திலி, 1940கள்ல காசா வாயெஸ் பார்ல வந்ததுன்னு சொல்வாங்க, மொத்தத்தையும் ஒரே வாய்ல போடணும், புளிப்பு உப்பு காரம் எல்லாம் சேர்ந்து ஏறும். ஒரு பார்ல ஒண்ணு ரெண்டு சாப்பிட்டு அடுத்த பாருக்கு நகர்ந்துடுங்க, அங்க அதுதான் வழக்கம்.

பதில் 3: ராத்திரி 8 மணிக்கு மேல போங்க, அப்பதான் களை கட்டும்.