அப்பாவின் கை நடுக்கம்: வீட்டில் எப்படி வீடியோ எடுப்பது?

வணக்கம். ஊர் பாம்பன். அப்பாவுக்கு வயது 68, கரையில் வலை பார்க்கிறவர். 2021-இல் வலது கையில் நடுக்கம் தொடங்கியது. முதலில் வேலை செய்யும்போது மட்டும்தான்: டீ கிளாஸைத் தூக்கினால் தளும்பும், வலை பின்னும் ஊசி கண்ணிக்குள் போகாமல் பக்கத்தில் முட்டும். போன வருடத்திலிருந்து மடியில் சும்மா கிடக்கும் கையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் அசைகின்றன. நடக்கும்போது அந்தக் கை வீசுவதில்லை. கருவாட்டு வாசம்கூடத் தெரியவில்லை என்கிறார். எங்கள் தெருவில் அது தெரியாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை!

தைராய்டு, மூளை எம்ஆர்ஐ இரண்டும் சரியாக உள்ளன. முதலில் பார்த்த மருத்துவர் எசென்ஷியல் ட்ரெமர் (முக்கியமாக வேலை செய்யும்போது கை நடுங்கும் நோய்) என்றார். அப்பாவுக்கு ஆஸ்துமா இருப்பதால், அதற்கு ஒத்துக்கொள்ளாத ப்ரோப்ரனலால் என்ற நடுக்க மாத்திரையைத் தரவில்லை. ப்ரிமிடோன் என்ற இன்னொரு நடுக்க மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூக்கம், அதனால் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆஸ்துமாவுக்கு அடிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரும் நடுக்கத்தைக் கூட்டும் என்பதால் அதையும் கவனித்தோம். அடிக்காத நாளிலும் கை ஆடுகிறது.

மதுரை நரம்பியல் மருத்துவர், பார்க்கின்சன் (கை ஓய்வில் இருக்கும்போதும் நடுங்கும் நரம்பு நோய்) தொடக்கமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், சில மாதம் கவனிப்போம் என்கிறார். சரி, ஆனால் அங்கே போனாலே பதற்றத்தில் எல்லா நடுக்கமும் கலந்துவிடுகிறது. வீட்டில் சுருள் வரையச் சொல்லித் தேதி போட்டு வைக்கிறோம். அதில் வேலை நடுக்கம் மட்டும்தான் தெரிகிறது.

இப்படிப் பல மாதம் கவனித்தவர்கள் சொல்லுங்கள்: ஓய்வில் வரும் நடுக்கம் தெளிவாகத் தெரிய, கையை எப்படி வைத்து, என்ன செய்யச் சொல்லி வீடியோ எடுத்தீர்கள்?