குலைக் கணக்கைக் குறைத்து எழுதச் சொல்லும்போது அருள் எங்கே இருக்கிறது?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
இங்குள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். வெட்டுக்காரர்களின் கூலிக்கான குலைக் கணக்கைக் குறைத்து எழுதும்படி மேலிடம் சொல்ல, வேலை போய்விடுமே என்று ஆறு மாதங்களாக எழுதியும் வருகிறேன். ஞாயிறன்று திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்கிய கை திங்களன்று அந்த ஏட்டைத் தொடுகிறது. இறையருள் என்னை விட்டுப் போய்விட்டதா?

மறுமொழி 1:
சகோதரரே, மனிதன் மனந்திரும்புவதற்கு முன்பே அருள் அவனைத் தொட்டு எழுப்புகிறது என்றும், அதற்கு இசையவோ மறுக்கவோ அவனுக்குச் சுதந்திரம் உண்டு என்றும் 1547இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் போதித்தது. உங்கள் உறுத்தலை நான் அந்தத் தொடுதலாகவே காண்கிறேன்.

மறுமொழி 2:
உறுத்தலோடு நின்றுவிடக் கூடாது. தம்மிடம் வந்த வரிதண்டுவோரைத் திருமுழுக்கு யோவான் தொழிலை விடச் சொல்லவில்லை. குறிக்கப்பட்டதற்கு மேல் தண்டக் கூடாது என்றுதான் சொன்னார் (லூக்கா 3). ஆகவே கிராணி வேலையை அல்ல, பொய்க் கணக்கையே விட வேண்டும். அதனால் வேலை போகலாம், அந்தப் பயம் சிறியதல்ல என்று தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியும். அடுத்த நற்கருணைக்கு முன் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு ஒப்புரவு அருளடையாளத்தைப் பெறுங்கள். பாவமன்னிப்புப் பெற்றாலும், பறித்ததை உரியவரிடம் திருப்பித் தரும் கடமை நீங்காது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எண் 2412 அதைத் தெளிவாகக் கூறுகிறது. வரிதண்டுவோரின் தலைவரான சக்கேயு, ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்னதும் இயேசு அவருடைய வீட்டுக்கு வந்த பிறகுதான்; அங்கும் அருளே முந்தியது.

கேட்டவர்:
நன்றி. சனிக்கிழமை பங்குத்தந்தையிடம் போகிறேன். யாருக்கு எத்தனை குலை குறைந்தது என்பது என் கைக்குறிப்பில் இருக்கிறது.