ட்ரிக் ஆர் ட்ரீட்: பயமே வராத பேய்ப்படத்துக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

பழைய ரீல்:
ஸ்பாய்லர் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாலோவீன் (அமெரிக்காவில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்கும் அக்டோபர் 31 பண்டிகை) நெருங்கினால் போதும், மைக்கேல் டௌஹர்ட்டியின் இந்த 2007 படத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒஹாயோவில் ஒரு கற்பனை ஊர், ஒரே இரவு, நான்கு கதைகள். சரி, பார்த்தேன். எங்கேயும் தூக்கிவாரிப் போடவில்லை. ஒரு கதை சூடு பிடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. வேஷமும் விளக்கும் அழகுதான். அதற்காக இதை நல்ல பேய்ப்படம் என்பதா?

நள்ளிரவு ஷோ:
அந்தத் தாவல்தான் சார் படமே! பள்ளி முதல்வர் வில்கின்ஸ் கொல்லைப்புறத்தில் பிணம் புதைத்த கையோடு வீட்டுக்குள் வருகிறார். பக்கத்து வீட்டுக் கிழவர் கிரீக், ஜன்னலில் நின்று உதவி கேட்டுக் கத்துகிறார். முதல்வர் கண்டுகொள்ளாமல் மகனோடு 'பூசணி' செதுக்கப் போய்விடுகிறார் (அது பூசணி இல்லை, அது வேறு கதை). சிரிப்பு வரும் இடம். கடைசிக் கதையில் அதே ஜன்னலுக்கு உள்பக்கம் நாம் இருக்கிறோம். கிழவர் எதைப் பார்த்து அலறினார் என்று தெரியும்போது முன்பு சிரித்தது தொண்டையில் சிக்குகிறது. தனித்தனிக் கதைகளாக வைத்திருந்தால் இது கிடைக்குமா?

பழைய ரீல்:
அது திரைக்கதைச் சாமர்த்தியம். பயம் எங்கே என்றுதான் கேட்டேன்.

கருப்புக் குடை:
என் பிரச்சினை வேறு. சாக்குத்துணி முகமூடியும் ஆரஞ்சு பைஜாமாவுமாகத் திரியும் பொடியன் சாம், தப்பு செய்தவர்களைத் தண்டிக்கிறானாம், ஆகவே இது நீதிக்கதையாம். எங்கே நீதி? நள்ளிரவுக்கு முன்பே பூசணி விளக்கை ஊதி அணைத்த எம்மா செத்துப்போகிறாள். மிட்டாயில் விஷம் வைத்துச் சிறுவனைக் கொன்ற வில்கின்ஸை சாம் தொடக்கூட இல்லை. 1974-இல் டெக்சாஸில் ஒரு தகப்பன் ஹாலோவீன் மிட்டாயில் சயனைடு வைத்துத் தன் மகனையே கொன்ற நாடு அது. அங்கே இது வெறும் வேடிக்கை இல்லை. அதைவிட மோசம் பள்ளிப் பேருந்துக் கதை. மனவளர்ச்சி குன்றிய எட்டுக் குழந்தைகளைப் பாரமென்று நினைத்து, பெற்றவர்களே ஓட்டுநருக்குக் காசு கொடுத்துக் கொல்லச் சொல்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டும் 'ஜாலியான படம்' என்று எப்படிச் சொல்ல வருகிறது?

நள்ளிரவு ஷோ:
சாம் நீதிபதி இல்லைங்க, சடங்குக்குக் காவல்காரன். வில்கின்ஸ் கொலைகாரன்தான். ஆனால் வேஷம் போடுகிறான், பண்டிகை கொண்டாடுகிறான். சாமுக்கு அது போதும். அவனை, இன்னொரு கதையில் வரும் ஓநாயாக மாறும் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கிரீக்தான் மிட்டாய் கொடுக்காதவர். கடித்த லாலிபாப்பின் கூர்முனையை சாம் அவர் நெஞ்சில் இறக்குகிறான், அது அவர்மேல் கிடந்த சாக்லேட்டில் குத்தி நிற்கிறது. சாக்லேட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் கிளம்பிவிடுகிறான்! கேட்டது கிடைத்தாயிற்று, அவ்வளவுதான். எனக்கு அந்த அலட்சியம்தான் பயம்.

ஓர சீட்டு:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 2007-லேயே தியேட்டருக்கு வரவேண்டிய படம். ஸ்டுடியோ கிடப்பில் போட்டு, 2009 அக்டோபரில் நேராக டிவிடியில் விட்டது. ஒருவர் சொல்லி ஒருவர் பார்த்தே வளர்ந்த கூட்டம் இது. கொண்டாட்டத்தில் பாதி, படத்துக்கு நடந்த அநியாயத்துக்கான அனுதாபம்.

நள்ளிரவு ஷோ:
கிடப்பில் கிடந்த படங்கள் எத்தனையோ உண்டு. எல்லாவற்றுக்கும் கூட்டமா சேர்ந்தது?

பழைய ரீல்:
ஓர சீட்டு சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாமே தேடிக் கண்டுபிடித்த படத்தை யார் குறை சொன்னாலும் கோபம் வரும். அந்த அலட்சியம் பயம் என்கிறீர்கள், அந்த ஒரு நொடியை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மீதிக்கு இல்லை.

கருப்புக் குடை:
சடங்குக்குக் காவல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பேருந்துக் கதையில் வரும் சிறுமி ரோண்டா? மற்றப் பிள்ளைகள் அவளைக் கொடூரமாகப் பயமுறுத்தி விளையாடினார்கள், உண்மைதான். ஆனால் செத்துப்போன பேருந்துக் குழந்தைகள் நிஜமாகவே எழுந்து வரும்போது, கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறவர்களை விட்டுவிட்டு அவள் லிஃப்டில் மேலே போகிறாள். அந்த இடத்தில் என்னோடு படம் பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. நீங்கள் தட்டினீர்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

நள்ளிரவு ஷோ:
தட்டினேன். இப்போது பார்த்தாலும் தட்டுவேன்.