தூங்குமூஞ்சிப் பலகையில் லைவ் எட்ஜ் டைனிங் டேபிள்: 19% ஈரத்தில் எபாக்ஸி ஊற்றலாமா?

வேளச்சேரிவாசி கேட்டது:

வணக்கம். மாதவரம் பக்கம் ஒரு மரவாடியில் தூங்குமூஞ்சி மரப் பலகை வாங்கியிருக்கிறேன். நீளம் 7 அடி, அகலம் ஒரு முனையில் 30 இன்ச், மறுமுனையில் 36, கனம் 2½ இன்ச். அறுத்து எட்டு மாதம் ஆகிறது என்றார்கள். ஊசி குத்திப் பார்க்கும் மாய்ஸ்ச்சர் மீட்டரில் 19% காட்டுகிறது. ஒரு முனையில் 14 இன்ச் நீளத்துக்கு விரிசல், வாய்ப்பக்கம் கால் இன்ச் அகலம். தரையில் கிடத்தினால் ஒரு மூலை 8 மி.மீ. தூக்கி நிற்கிறது. பட்டை இன்னும் ஒட்டியிருக்கிறது, அடியில் மாவு மாதிரி ஏதோ உதிர்கிறது.

வேண்டியது 6 அடி லைவ் எட்ஜ் டேபிள் (மரத்தின் ஓரம் இயற்கை வளைவோடு அப்படியே தெரிவது), ஏசி போடும் ஹாலுக்கு. விரிசலில் எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து ஊற்றும் பிசின்) ஊற்றி, ஆசாரியிடம் கொடுத்து இழைத்து, பாலிஷ் போட்டு, இரும்புக் கால் வைப்பதாகத் திட்டம். பொங்கலுக்குள் முடியுமா? வரிசை சரியா?

ரசமட்டம்:

வரிசை சரி, ஆனால் பலகை இன்னும் தயாராகவில்லை. காற்றில் உலரும் மரத்துக்கு ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் என்று ஆசாரிகள் சொல்லும் கணக்கு உங்கள் 2½ இன்ச்சுக்கு இரண்டு வருஷத்தைத் தாண்டும். மீட்டர் ஊசி கால் இன்ச்தான் இறங்கும். 19% என்பது மேல்தோலின் ஈரம். நடுவில் அதைவிடக் கூடவே இருக்கும்.

சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. உங்களிடம் ஒரு அடி நீளம் உபரி இருக்கிறது. விரிசல் இல்லாத முனையில் 8 இன்ச் அறுத்துத் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்து ஒரு இன்ச் துண்டு எடுங்கள் (முனைப்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், அதை அளந்தால் ஏமாற்றும்). அதிலிருந்து, பலகையின் முழுக் கனமும் வருகிற மாதிரி ஒரு சில்லு வெட்டி, சமையலறைத் தராசில் உடனே எடை போடுங்கள். ஓடிஜியில் (சமையலறை மின் ஓவன்) 100 முதல் 105 டிகிரியில் வையுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எடை பாருங்கள், குறைவது நின்றதும் கணக்குப் போடலாம்: குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 124 கிராம் 104 ஆனால் 19.2%.

ஏசி ஹாலுக்கு 10% அளவில் வந்திருக்க வேண்டும். ஏசி இல்லாத சென்னை வீட்டில் 12, 13 வரை பரவாயில்லை. தூங்குமூஞ்சி குறைவாகச் சுருங்கும் மரம்தான். அப்படியும் 19இலிருந்து 10க்கு இறங்கும்போது 33 இன்ச் அகலத்தில் 8 மி.மீ. போலச் சுருங்கும். இப்போதே எபாக்ஸி ஊற்றினால் அது சுருங்காது, மரம் சுருங்கும். எபாக்ஸி ஓரத்திலேயோ அதற்குப் பக்கத்திலேயோ புது வெடிப்பு வரும்.

உளிச்சத்தம்:

அந்த மாவை முதலில் கவனியுங்க. விரலில் தேய்த்தால் டால்கம் பவுடர் மாதிரி வழவழன்னு இருந்தா மாவுப்பூச்சி (செடியில் வருவது இல்லை, மரத்தைத் துளைக்கும் சின்ன வண்டு), ரவை மாதிரி தனித்தனி மணியா இருந்தா உலர்மரக் கரையான். மாவுப்பூச்சி வெளுத்த ஓரத்தைத்தான் தின்னும், வைரத்துக்குள் (நடுவில் இருக்கும் கருத்த கெட்டி மரம்) போகாது. லைவ் எட்ஜில் நாம் காட்ட ஆசைப்படும் ஓரமே அந்த வெளுப்புதான், அதுதான் கவலை. பட்டையை விட்டுவைக்காதீங்க. பூச்சிக்கு அதுதான் வீடு, எப்படியும் ஒரு நாள் உதிரும். மழுங்கின உளியைப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் படுக்க வைத்து நெம்புங்க. கூர் உளி ஓரத்தில் தட்டைத் தட்டையா வெட்டு விழ வைக்கும், அந்த இயற்கை வளைவு திரும்பி வராது. மிச்சத்தை நைலான் பிரஷ்ஷால் தேய்த்தா போதும்.

அப்புறம் ஒரு லிட்டர் வெந்நீரில் வெங்காரம் 60 கிராம், போரிக் ஆசிட் 40 கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கிட்டு, ஓரமெல்லாம் இரண்டு முறை தடவுங்க. உள்ளே ஏற்கெனவே இருக்கிற புழுவை இது எட்டாது. அதுக்குச் சூடுதான். கில்ன் (மரத்தைச் சூட்டில் உலர்த்தும் அறை) வசதி உள்ள மில்லில் கொடுத்தா ஈரமும் இறங்கும், பூச்சியும் சாகும். பலகையின் நடுப்பகுதி 56 டிகிரியில் அரை மணிக்குக் குறையாமல் நிற்கணும்னு சொல்லிக் கொடுங்க. ஏற்றுமதி மரப்பெட்டிக்கு உலகம் முழுக்க வைத்திருக்கிற அளவு அதுதான்.

கில்ன் கிடைக்கலைன்னா நிழலில், தரைக்கு ஒரு அடி மேலே, ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிசான மரச்சட்டம்) வைத்து அடுக்குங்க. இரண்டு முனையிலும் பெயின்ட் அடிச்சு மூடுங்க, விரிசல் அதுக்கு மேல ஓடுறது குறையும். மொட்டை மாடி வெயில் மட்டும் வேண்டாம்.

திருகாணி:

மற்ற இருவரும் சொன்னதை முடித்த பிறகு வருவது இது.

8 மி.மீ. முறுக்கு உள்ள பலகையைக் கையிழைப்புளியால் மட்டப்படுத்துவது ஆசாரிக்கு வீண் சித்திரவதை. இரண்டு பக்கமும் நேரான தண்டவாளம், அதன்மேல் ஓடும் தட்டில் ரூட்டர் (சுழலும் பிட்டால் மரத்தைச் சீவும் மெஷின்), இதுதான் வழி. தூக்கும் மூலைக்கு அடியில் ஆப்பு வைத்து ஆடாமல் நிறுத்துங்கள். ஒரு ஓட்டத்துக்கு 2 மி.மீ.க்கு மேல் எடுக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: 12 மி.மீ. ஷாங்க் (காம்பு) உள்ள பிட்டை அரை இன்ச் காலெட்டில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மாட்டினால் இறுகின மாதிரி தெரியும், ஓடும்போது நழுவிப் பறக்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக எடுங்கள், ஒரே பக்கம் எடுத்தால் பலகை மறுபடி வளையும். முதல் சுற்று முடிந்ததும் ஹாலிலேயே பத்து நாள் காற்றோட்டமாக நிறுத்தி வைத்துவிட்டுக் கடைசி 2 மி.மீ.ஐ எடுங்கள். முடிவில் 2 இன்ச் கனம் கிடைத்தால் நல்லது.

விரிசலுக்குக் குறுக்கே, உடுக்கை வடிவத்தில் வைரமான கட்டை இரண்டு இறக்குங்கள். ஆழம் பலகைக் கனத்தில் பாதி, கட்டையின் ரேகை விரிசலுக்குக் குறுக்காக ஓட வேண்டும். எபாக்ஸி கொஞ்சம்தான்: 14 இன்ச் நீளம், சராசரி ⅛ இன்ச் அகலம், 2 இன்ச் ஆழம் என்றால் 60 மில்லிகூட வராது. டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா, அளவுக்கா என்று பார்த்துக் கலக்குங்கள். மாற்றிக் கலந்தால் பிசுபிசுப்பு போகவே போகாது. விரிசல் சுவரில் முதலில் மெல்லிசாக ஒரு கை பூசிவிட்டு, வெயில் இறங்கிய பிறகு ஊற்றுங்கள். காலையில் ஊற்றினால் சூடு ஏற ஏற மரத்துளையிலிருந்து காற்று வெளிவந்து குமிழ் குமிழாக நிற்கும். மழை நாளில் காய்ந்தபின் மேலே எண்ணெய்ப் பசை மாதிரி படிந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும்.

பிரெஞ்சு பாலிஷ் வேண்டாம். சூடான டபரா வைத்த இடமெல்லாம் வெள்ளை வளையம் விழும். இரண்டு பாகமாகக் கலக்கும் பியூ (PU, பாலியூரிதேன் பாலிஷ்) நல்லது. மேலே எத்தனை கோட்டோ, அடியிலும் அத்தனை. அடியை விட்டுவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்து பலகை வளையும்.

காலில் திருகு ஓட்டை வட்டமாக இருக்கக் கூடாது. அகலவாக்கில் 15 மி.மீ. நீளத் துளையாக வெட்டச் சொல்லுங்கள். மழைக்கும் ஏசிக்கும் மரம் விரிந்து சுருங்க அந்த இடம் வேண்டும்.

வேளச்சேரிவாசி:

துண்டு வெட்டிப் பார்த்துவிட்டேன். 124 கிராம், ஓடிஜிக்குப் பிறகு 99. 25% வருகிறது. பட்டையை எடுத்தாயிற்று, மாவு வழவழப்புதான். பொங்கலுக்கு என்ன செய்வது?

ரசமட்டம்:

பலகையைக் கில்னுக்கு அனுப்புங்கள். கால் மட்டும் இப்போதே 28 இன்ச் உயரத்தில் செய்துவிடலாம். அதன்மேல் 19 மி.மீ. பிளைவுட் போட்டால் பொங்கலன்று இலை போட்டுச் சாப்பிடலாம். பலகை காய்ந்து வந்ததும் பிளைவுட்டை எடுத்துவிட்டு அதே துளைகளில் திருகுங்கள். காய்ந்த பிறகும் பலகை 40 கிலோவைத் தாண்டும், அதனால் காலுக்கு 2 மி.மீ.க்குக் குறைந்த பைப் வேண்டாம்.