லைட் எரியுற ஷூ

(குழு: வடக்குத் தெரு வீடு)

[7:12] சித்ரா: பெரியப்பா, அத்தை, முழிச்சிட்டீங்களா? இங்க அமெரிக்கால, டெக்சஸ்ல இப்ப ராத்திரி. மனசு சரியில்ல, அதான் எழுதுறேன். இன்னிக்கு ஆதி ஸ்கூல்ல துப்பாக்கிக்காரன் உள்ள வந்தா என்ன பண்ணணும்னு ஒத்திகை. லைட்டை அணைச்சு, கதவைப் பூட்டி, 5 வயசுப் பிள்ளைங்களை மூலையில சத்தமில்லாம உக்கார வெச்சிருக்காங்க. இவன் ஷூ அசைஞ்சா சிவப்பு லைட் எரியும்ல? டீச்சர் அதைக் கையால பொத்திக்கிட்டாங்களாம். "அம்மா, என் ஷூவால எல்லாரும் மாட்டிக்குவோமா"ன்னு கேக்குறான்.

[7:14] மீனா அத்தை: ஐயோ, பச்சப் புள்ள! அந்த ஷூவ இனிமே போட்டு அனுப்பாத.

[7:19] பெரியப்பா: எம்மா, எங்கப்பாகிட்ட லைசென்ஸ் வாங்கின ரெட்டைக் குழல் துப்பாக்கி இருந்துச்சு, தோட்டத்துல பன்னி வெரட்ட. எலெக்ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிட்டு வருவார். அதுல ஒரு சண்டையும் இல்ல. அங்க ஏன் ஒரு சட்டம் போட முடியல?

[7:20] கார்த்தி: அப்பா, துப்பாக்கிக் கம்பெனிக்காரன் காசுதான். வேற என்ன?

[7:26] சித்ரா: காசும் உண்டுண்ணா. ஆனா அது மட்டும் இல்ல. நம்ம ஊர்ல சர்க்கார் குடுத்தாதான் துப்பாக்கி. இங்க அதை சர்க்கார் தொடக் கூடாதுன்னு 1791லயே அரசியல் சட்டத்துல எழுதி வெச்சுட்டாங்க, ரெண்டாவது திருத்தம்னு. அது தனி மனுஷனோட உரிமைதான்னு 2008ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, 5க்கு 4. மாத்தணும்னா ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு வேணும், அப்புறம் 50ல 38 மாநிலம் ஒத்துக்கணும்.

[7:28] கார்த்தி: பிள்ளைங்க செத்தப்பக் கூடவா மனசு மாறல?

[7:35] சித்ரா: 2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 பிள்ளைங்க, 6 பெரியவங்க. வாங்குறவன் குற்றவாளியான்னு இன்னும் பல இடத்துல பாத்து விக்கணும்னு ஒரு மசோதா வந்துச்சு, அவ்வளவுதான். நாட்டுல பெரும்பாலானவங்க அதுக்கு ஆதரவு. 2013 ஏப்ரல்ல செனட்ல, அதான் இங்க மேல்சபை, 54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு. தோத்துப் போச்சு! ஏன்னா எதிர்க்கறவங்க இழுத்தடிக்கறதைத் தாண்ட 100ல 60 வேணும். அதுலயும் வயோமிங் மாநிலத்துல 6 லட்சம் ஜனம் கூட இல்ல, கலிபோர்னியால கிட்டத்தட்ட 4 கோடி. ரெண்டுக்கும் செனட்ல தலா ரெண்டே பேர்.

[7:36] பெரியப்பா: 54 பேர் கை தூக்கியும் தோல்வியா!

[7:44] சித்ரா: ஆமா பெரியப்பா. இன்னொண்ணு, சட்டம் வேணும்னு நெனைக்கற எனக்கு விலைவாசி, ஆஸ்பத்திரிச் செலவுன்னு பத்துக் கவலை. துப்பாக்கி வெச்சிருக்கறவங்கள்ல நெறையப் பேர் இந்த ஒண்ண மட்டும் பாத்து ஓட்டுப் போடுவாங்க. சட்டத்தை ஆதரிக்கற தலைவரை, கட்சிக்குள்ள வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற தேர்தல்லயே கவுத்துடுவாங்க. அந்த பயம் காசை விடப் பெருசு.

[7:46] மீனா அத்தை: அந்தப் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் வெச்சிருக்காரோ?

[7:58] சித்ரா: ஆமா அத்தை. 2021 பிப்ரவரி பனியில கரண்ட் போய் நாங்க நடுங்கினப்ப வெறகு கொண்டு வந்து குடுத்தாரே, அவர்தான். பத்து வயசுல அவர் அப்பா குடுத்த துப்பாக்கி, கட்டையில அப்பா பேர் செதுக்கியிருக்கு. மான் வேட்டைக்கு ஒண்ணாப் போவாங்களாம். "எங்க பண்ணைக்குப் போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் யாரு என்னக் காப்பாத்துவா"ன்னு கேட்டார். எனக்குப் பதில் வரல. 2022ல உவால்டி ஸ்கூல்ல 19 பிள்ளைங்களும் 2 டீச்சரும் செத்த அன்னிக்கு அவரும்தான் அழுதார். ஆனா யார்கிட்ட எது இருக்குன்னு சர்க்கார் பட்டியல் போட்டா, அடுத்தது பறிமுதல்தான்னு உறுதியா நம்புறார். மத்திய அரசு அப்படிப் பட்டியல் வெக்கக் கூடாதுன்னு 1986லயே சட்டம் இருக்கு.

[8:01] கார்த்தி: அப்ப ஒண்ணுமே நடக்காதா?

[8:05] சித்ரா: உவால்டிக்கு அப்புறம் ஒரே மாசத்துல ஒரு சட்டம் வந்துச்சுண்ணா. 21 வயசுக்குக் கீழ வாங்குறவங்களை இன்னும் நல்லா விசாரிக்கணும்னு. ரெண்டு கட்சியும் சேந்து போட்டது. எனக்கு இது பத்தாது, கோவமா வருது.

[8:06] மீனா அத்தை: நீ என்னம்மா பண்ணப் போற?

[8:12] சித்ரா: ஆதியை யார் வீட்டுக்கு வெளையாட அனுப்பினாலும், துப்பாக்கி இருக்கா, பூட்டி வெச்சிருக்கீங்களான்னு கேக்குறேன். மொதத் தடவை தாத்தாகிட்ட கேக்க நாக்கே எழல. அவர் கோவிச்சுக்கல. உள்ள கூட்டிட்டுப் போய் இரும்புப் பெட்டிக் கைப்பிடியை ரெண்டு தரம் இழுத்துக் காட்டினார். தோட்டா வேற பெட்டியில, அதுக்கு வேற சாவி.

[8:13] மீனா அத்தை: சரி, பையன் தூங்கலன்னா வீடியோ போடு. அவன் மொகத்தப் பாக்கணும்.